ட்ராம் வைப்பர் அட்டையில் ‘எந்த டின்’ என்ற கட்டம் வந்த விதம்

1. பெப்ரவரி மாதம், நாற்பது பாகை வெயிலில், அறுபத்தொன்றாம் இலக்க ட்ராமின் வைப்பரைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினேன்.
2. மே மாதம் ஒரு மழைக் காலையில் அந்த வைப்பர் நின்றுபோனது என்று சாரதி முறையிட்டார்.
3. பரிசோதித்தேன். நன்றாக வேலை செய்தது. ‘குறை காணப்படவில்லை’ என்று முத்திரை குத்தினேன்.
4. ஜூன் மாதம் மறுபடியும் நின்றது. மறுபடியும் பரிசோதனை. மறுபடியும் முத்திரை.
5. ஜூலை மாதம் சாரதி நடுவீதியில் ட்ராமை நிறுத்தி, இறங்கி, தன் கழுத்து மப்ளரால் முன்கண்ணாடியைத் துடைத்தார். பின்னால் ஐந்து ட்ராம்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது முத்திரை.
6. மூன்று முத்திரைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த மேலிடம், வைப்பரில் குறை இல்லையென்றால் சாரதியில்தான் குறை என்று முடிவு செய்தது. அவருடைய வேலை போகும் நிலை வந்தது.
7. காரணம், மெல்பேர்ன் புறநகரான கிளேட்டனில், எங்கள் வீட்டுக் குசினி அலமாரியில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போன மாதம், மெல்பேர்னில் நான் வேலை பார்த்த டிப்போவிலிருந்து ஓர் இளம் டெக்னீஷியன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். எண்ணெய் இட்டதைப் பதிவு செய்யும் கணினித் திரையில் ‘எந்த டின்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடுவதில்லையாம். டிப்போவில் இருப்பதோ ஒரே ஒரு டின். இந்தக் கட்டத்தை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டிருந்தாள். பழைய ஆட்கள் எல்லோரும் ‘அதை அவளிடம் கேள்’ என்று என் பெயரைச் சொன்னார்களாம்.

போட்டது நான்தான். அதற்கு முன்பு எடுத்ததும் நான்தான். எடுத்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

என்னைப் பழைய ஆள் என்று சொல்வதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. வயது முப்பத்தொன்பது. பழைய ட்ராம்கள் குறைந்து, எங்கள் பிரிவை இன்னொன்றோடு சேர்த்தபோது, கேக் வெட்டி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் தந்து அனுப்பினார்கள். கடிகாரம் தந்தால் அதற்குப் பெயர் ஓய்வுதான். ஆகவே ஓய்வு பெற்றவளாகவே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். கிளேட்டனில் இயந்திரப் பொறியியல் படித்தேன். காற்றழுத்தக் கருவிகள் பாடத்தில் நல்ல புள்ளி. நேர்முகத் தேர்வில் ‘உனக்குப் பிடித்தது என்ன?’ என்று கேட்டார்கள். ‘பட்டியல் போடுவது’ என்றேன். சிரித்துவிட்டு வேலை தந்தார்கள்.

தந்த வேலை, பழைய மர ட்ராம்களின் வைப்பர்கள். இதைக் கேட்டதும் நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சிரித்தார்கள். நான்கு வருடம் படித்தவள் கண்ணாடி துடைக்கப் போகிறாள் என்று. அவர்களுக்காக நான் அன்று தயாரித்த பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ட்ராம் ஓடத் தொடங்கிய காலத்தில் சாரதிக்கு முன்னால் கண்ணாடியே இல்லை, மழை பெய்தால் முகத்தைத் துடைத்தால் போதும். அடுத்து கண்ணாடி வந்தது, மழை பெய்தால் அதைக் கீழே இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்ட வேண்டும். ஆகவே பழைய நிலைமைதான். மூன்றாவதாக, கண்ணாடிச் சட்டத்தில் துளை போட்டு, உள்ளே ஒரு கைப்பிடி, வெளியே ஒரு ரப்பர் பட்டை. சாரதி கைப்பிடியை இப்படியும் அப்படியும் தள்ளினால் வெளியே பட்டை துடைக்கும். நான்காவதாக, கைக்குப் பதில் காற்று.

நான் சேர்ந்தபோது எங்கள் டிப்போவில் மூன்றாவதும் நான்காவதும் ஒரே கருவியாக இருந்தன. உள்ளங்கை நீளத்தில் ஒரு பித்தளை உருளை. பிரேக்குக்காகச் சேமித்த காற்றில் ஒரு சிறு பங்கு அதற்குள் வரும். உள்ளே ஒரு பிஸ்டன், அதன் இரண்டு முனையிலும் கிண்ணம் போல வளைத்த தோல். காற்று ஒரு பக்கம் தள்ளும், பிறகு மறு பக்கம் தள்ளும், வெளியே பட்டை ஆடும். காற்று இல்லாவிட்டால் கையால் ஆட்ட ஒரு சின்னப் பிடியும் உண்டு. வேலை முடித்த காற்று சாரதியின் முழங்காலுக்கு அருகே ‘புஸ்’ என்று வெளியேறும். அந்தத் துவாரத்தை அங்கே வைத்தவர் ஒரு நாளும் ட்ராம் ஓட்டியிருக்க மாட்டார்.

இவற்றைத் தவிர ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பழைய சாரதிகள் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தேய்ப்பார்கள். மழைத்துளி உருண்டு நிற்காமல் பரந்து வழியும். குளிர்காலத்தில் கன்ரீன் சமையலறையில் உருளைக்கிழங்கு காணாமல் போகும். இது பற்றி எங்கள் ஃபோர்மனிடம் சமையலறையிலிருந்து முறைப்பாடு வந்தபோது அவர் எழுதிய பதில் அறிவிப்புப் பலகையில் பல வருடம் தொங்கியது: ‘உருளைக்கிழங்கு ஓர் உதிரிப் பாகம் அல்ல.’

ஃபோர்மன் பெயர் எட்வர்ட். மலேசியத் தமிழர், ஈப்போக்காரர், மாணவராக வந்து அப்படியே தங்கிவிட்டவர். ஞாயிறு தவறாமல் தேவாலயம். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா: நீலம் எழுத, சிவப்பு வெட்ட, பச்சை சரி போட. எல்லோரும் அவரை ‘எட்’ என்பார்கள். எனக்கு அந்த ஒற்றை அசை வாயில் வரவில்லை. அங்கிள் என்று சொல்லவும் வேலைத்தளத்தில் கூச்சம். முதல் நான்கு மாதம் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், எதிரே போய் நின்று இருமினேன். பிறகு ‘சேர்’ என்று பழகிக்கொண்டேன்.

அவர் என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். தமிழுக்கு மாறினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். முதல் இரண்டு வருடத்தில் இரண்டு தடவை மாறினார். ஒன்று, நான் ஏணியில் கையுறை இல்லாமல் ஏறிய நாள். மற்றது, என் அப்பா தவறிய செய்தி டிப்போவுக்குத் தொலைபேசியில் வந்த நாள்.

ஒரு கருவியைப் பழுதுபார்த்து முடித்ததும், அதற்கான அட்டையை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் உட்கார மாட்டார். நின்றபடி, அட்டையைக் கை நீட்டத்துக்குப் பிடித்து, ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிப்பார். பதில் கேட்பார். பச்சைப் பேனாவால் சரி போடுவார். எண்ணெய் என்ற வரி வந்ததும் தலையை நிமிர்த்தாமல் ஒரு கேள்வி.

‘எந்த டின்?’

‘நீல டின், சேர்.’

பச்சைப் பேனா.

தோலை ஊறவைக்கும் எண்ணெய்க்கு டிப்போவில் நீல டின்னைத் தவிர வேறு டின் இல்லை. அவருக்கும் அது தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் கேட்பார், ஒவ்வொரு தடவையும் நான் சொல்வேன். கோயிலில் ஐயர் நட்சத்திரம் கேட்பதைப் போல. போன வாரமும் அதே நட்சத்திரம்தான், ஆனாலும் சொல்லத்தானே வேண்டும்.

பட்டியல் பிடித்தவளுக்கு இது தாங்கவில்லை. அவருடைய அட்டை இரண்டு பக்கம். நான் ஒரு வாரம் உட்கார்ந்து அதை ஒரே பக்கத்தில் பதினான்கு வரியாகச் சுருக்கினேன். ஒரே பதில் உள்ள கேள்வி கேள்வியே இல்லை என்று காரணம் எழுதி, ‘எந்த டின்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். ஒன்பதாவது வரியில் ‘தோல் எண்ணெயில் ஊறியது: ஆம் / இல்லை’ என்று மட்டும் வைத்தேன். எட்வர்ட் சேர் அதை வெகுநேரம் பார்த்தார். ‘மிகவும் சுத்தமாக இருக்கிறது’ என்றார் ஆங்கிலத்தில். அதன் பிறகு கேட்கவில்லை. ஆனால் ஒன்பதாவது வரி வந்ததும் அந்தக் கேள்வி கேட்கும் நேரத்துக்குச் சும்மா நின்றுவிட்டு, பிறகுதான் பச்சைப் பேனாவை வைப்பார்.

பெப்ரவரி வந்தது. அறுபத்தொன்றின் வைப்பரைப் பிரித்துவைத்துவிட்டு நீல டின்னைத் திறந்தால், அடியில் ஒரு கரண்டி அளவுகூட இல்லை. ஸ்டோர் பொறுப்பாளர் விடுமுறையில். அடுத்த நாள் காலை அந்த ட்ராம் ஓட வேண்டும். என் சாப்பாட்டுப் பையில், மதியம் தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. தலைக்கு வாங்கியது. வெளியே அனல். எண்ணெய் தண்ணீர் போல ஓடியது.

நான் பொறியியல் படித்தவள். அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பு பதினாறு வருடம் ஒரு வீட்டில் வளர்ந்தவள். அந்த வீட்டில் தையல் மெஷின், கதவுப் பிணைச்சல், பூட்டு, சைக்கிள் சங்கிலி, அப்பாவின் தோல் செருப்பு, எங்கள் தலை, எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல். அந்தப் போத்தலில் கை வைக்கும்போது நான் யோசிக்கவே இல்லை. தோல் எண்ணெயைக் குடித்து மெத்தென்று ஆனது. பூட்டிப் பார்த்தேன். டிப்போவிலேயே மிக வழுவழுப்பாக ஆடிய வைப்பர் அதுதான்.

எட்வர்ட் சேர் அட்டையை வாசித்தார். ஒன்பதாவது வரி. ‘ஆம், சேர்’ என்றேன். நின்றார். அந்த நேரத்தில் அவர் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டிருந்தால் ‘தேங்காய், சேர்’ என்று சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிறவளும் இல்லை. பச்சைப் பேனா.

அடுத்த வாரமே புது நீல டின் வந்தது. நான் அந்தச் சம்பவத்தை முழுவதும் மறந்துபோனேன்.

மே மாதம் முறைப்பாட்டோடு வந்தவர் சிவபாதம் அண்ணை. ஊரில் லொறி ஓடியவர். அகதியாக வந்து, பல இடங்களில் பல வேலை பார்த்து, நாற்பத்தேழு வயதில் ட்ராம் ஓட்டப் பழகியவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பேச்சு ஆங்கிலம் சமாளிப்பார், எழுதுவதென்றால் என் மேசைக்கு வந்துவிடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதுவேன்.

“தங்கச்சி, இந்த வைப்பர் விடிய வேலை செய்யுதில்லை.”

“எத்தினை மணிக்கு அண்ணை?”

“விடிய எண்டா விடியத்தான். ஆறு, ஏழு. பிடியைப் பிடிச்சுத் தள்ளினாலும் கல்லு மாதிரி நிக்குது. பத்து, பதினொரு மணிக்குப் பிறகு, கால்மாட்டு ஹீட்டர் சூடேறினதும், ஒண்டும் நடக்காத மாதிரி ஆடுது. ஆடேக்கை சொதி மணக்குது.”

“என்ன மணக்குது?”

“சொதி. தேங்காய்ப்பால் சொதி. புஸ் எண்டு ஒவ்வொருக்கா காத்து வரேக்கையும் மணக்குது. எனக்குப் பசியே வந்திட்டுது.”

படிவத்தில் மூன்று வரிக்குத்தான் இடம் இருந்தது. ‘காலையில் இடையிடையே நின்றுவிடுகிறது’ என்று எழுதினேன். சொதியை விட்டுவிட்டேன். அதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. இடம் இல்லை. சொதிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியாது. காலைச் சாப்பாடு இல்லாமல் வேலைக்கு வருகிற மனிதருக்குச் சாப்பாடு மணப்பது இயற்கை. மூன்றும் நல்ல காரணங்கள் என்றுதான் அன்று நினைத்தேன்.

ட்ராம் பட்டறைக்குள் வரும்போது மதியம் ஆகிவிடும். உள்ளே பெரிய ஹீட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும். காற்றழுத்தம் பார்த்தேன், குழாய் பார்த்தேன், ரப்பர் பட்டை பார்த்தேன், நிமிடத்துக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணினேன். எல்லாம் சரி. முத்திரையை எடுத்துக் குத்தினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த முத்திரை பிடிக்கும். நல்ல மரப்பிடி.

ஜூன் மாதமும் அதே கதை. அந்தத் தடவை அவர் கொஞ்சம் சூடாகவே வந்தார்.

“பிடியாலை தொடர்ந்து ஆட்டிப் பாக்கேல்லையா அண்ணை? இறுகினது விட்டுக் குடுக்கும்” என்றேன்.

“இடது கை கரண்டுப் பிடியிலை. வலது கை பிரேக்கிலை. காலொண்டு மணி அடிக்க. மூண்டாவது கை இருந்தா நான் என்னத்துக்கு ட்ராம் ஓடுறன் தங்கச்சி, பேசின் கோயிலிலை பிள்ளையாருக்குப் பக்கத்திலை நிண்டு பூசை வாங்கியிருப்பன்.”

பக்கத்து மேசைக்காரர் என்ன சிரிப்பு என்று கேட்டார். மொழிபெயர்க்க முயன்று கைவிட்டேன். சொதியைப் பற்றி அன்றும் சொன்னார். அன்றும் எழுதவில்லை.

மேலிடம் அவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பியது. கண் நன்றாக இருந்தது. திரும்பவும் அனுப்பியது. திரும்பவும் நன்றாக இருந்தது. “ரெண்டாந்தரம் அந்த எழுத்தெல்லாம் எனக்குப் பாடம்” என்றார்.

ஜூலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கொட்டும் மழை, ஏழு மணி, ட்ராம் நிறையச் சனம். முன்னால் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் ஒரு சந்தியில், ஆள் யாராவது குறுக்கே வந்தால் தெரியாது என்று முழுவதும் நிறுத்திவிட்டார். ஒரு வெள்ளைக்கார அம்மா தன் குடையை விரித்து அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாராம், அவர் துடைத்து முடியும் வரைக்கும். மேலாளரின் அறிக்கையில் அந்தக் குடை இல்லை. ஐந்து ட்ராம்கள் மட்டும் இருந்தன.

அன்று மதியமும் அறுபத்தொன்று பட்டறைக்கு வந்தது. அன்று மதியமும் அழகாக ஆடியது. குத்தினேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை என்று கடிதம் வந்தது. அதை அவர் என்னிடம் கொண்டுவந்து தந்தார். வாசித்துச் சொன்னேன். காரணமில்லாமல் வாகனத்தை மறிக்கிறவரை நிரந்தரமாக்க முடியாது என்பதுதான் சாரம். சாட்சி என்று இணைத்திருந்தவை மூன்று தாள்கள். மூன்றிலும் என் கையெழுத்து.

“வேலை போனாப் பறவாயில்லை, வேறை பாக்கலாம்” என்றார். அன்று பகிடி இல்லை. “மனிசிக்கும் பிள்ளையளுக்கும் விசா பேப்பர் போட்டிருக்கு. நிரந்தர வேலை எண்டு கடிதம் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாங்கள், இந்த மாசக் கடைசிக்குள்ளை. அஞ்சு வருசமாப் பாக்கேல்லை. சின்னவளுக்கு என்னைப் போட்டோவிலைதான் தெரியும்.” கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “நீங்கள் பாத்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை தங்கச்சி. ஆனா அது நிண்டது” என்றார்.

நான் ‘சரி அண்ணை’ என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பேசின் பிள்ளையார் கோயிலுக்குப் போக ஒருவர் காரில் வந்து எங்களை ஏற்றுவதாக இருந்தது. என்னோடு அறையில் இருந்த மாலதி கோயம்புத்தூர்க்காரி, கிளேட்டனில் ஆராய்ச்சி மாணவி. குசினியிலிருந்து சத்தம் போட்டாள்.

“ஏய், இந்த எண்ணெய் மறுபடியும் கல்லாயிருச்சு. சுடுதண்ணி வெச்சியா இல்லையா?”

“அடுப்பிலை இருக்கு.”

“எங்க ஊர்ல மார்கழியிலகூட தேங்காயெண்ணெய் இப்படிக் கல்லா உறைஞ்சு பாத்ததே இல்ல. இந்த ஊர்ல அதுக்கே குளிர் அடிக்குது.”

எழுந்து போனேன். அலமாரியிலிருந்து எடுத்த போத்தலை அவள் தலைகீழாகப் பிடித்திருந்தாள். உள்ளே வெள்ளையாக, மெழுகு போல, ஒரு சொட்டும் விழவில்லை. அதைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தாள். ஓரங்கள் முதலில் கலங்கின, பிறகு தெளிந்தன. குசினி முழுவதும் மணந்தது. மூன்று குளிர்காலமாக ஒவ்வொரு ஞாயிறும் பார்த்த காட்சி.

கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“என்னடி, கோயிலுக்கு வரல?”

“இல்லை. நீ போட்டு வா. எனக்கும் சேத்துக் கும்பிடு.”

அவள் போனதும் ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போட்டேன். முதலாவது வழி: நாளைக் காலை தோலை மாற்றி, நீல டின் எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டிவிடுவது. அதன் பிறகு அந்த வைப்பர் ஒரு நாளும் நிற்காது. யாருக்கும் தெரியாது. ஆனால் மே முதல் ஜூலை வரைக்கும் அது நின்றதே இல்லை என்றும் ஆகிவிடும், சிவபாதம் அண்ணை என்றென்றைக்கும் பொய்யர். இரண்டாவது வழி: சொல்வது. இரண்டாவதன் கீழே என்ன ஆகும் என்று எழுத ஒன்றும் தோன்றவில்லை. ‘சொதி’ என்று மட்டும் எழுதினேன். அந்த மனிதர் இரண்டு தடவை காரணத்தையே என் கையில் தந்திருந்தார். நான் இடமில்லை என்று வெட்டிவிட்டேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு எட்வர்ட் சேர் முன்னால் போய் நின்று இருமினேன். நிமிர்ந்தார். நடந்ததைப் பதினொரு வரியில் எழுதிக் கொடுத்தேன். அவர் சத்தமாக வாசிக்கவில்லை. பேனா எதையும் எடுக்கவில்லை.

“நிரூபிக்க முடியுமா?” என்றார் ஆங்கிலத்தில்.

“குளிர்ப்படுத்த வேண்டும், சேர். கன்ரீன் ஃபிரிட்ஜ்.”

கன்ரீன் ஃபிரிட்ஜில் ‘உணவு மட்டும்’ என்று அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

“எந்தத் தட்டு?”

வைப்பர் உருளையைக் கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றி, பால் போத்தல்களுக்கும் யாருடையதோ சாண்ட்விச்சுக்கும் நடுவே வைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துக் காற்றுக் குழாயில் பொருத்தினோம். அசையவில்லை. பிடியைத் தள்ளினேன். கல். மேசையில் வைத்துத் திறந்தேன். தோல் கிண்ணங்களைச் சுற்றி எண்ணெய் வெள்ளையாக உறைந்து, உருளையின் உட்சுவரோடு ஒட்டிப் பிடித்திருந்தது. எட்வர்ட் சேர் குனிந்து முகர்ந்தார். பின்னால் யாரோ கேக் சுடுகிறார்களா என்று கேட்டது காதில் விழுந்தது.

சேர் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

“இது எந்த டின்மா?”

“தேங்காய், சேர்.”

“எங்க வீட்டுலயும் காலையில இதைத்தான் சுடுதண்ணியில வெச்சிருந்தாங்க. நானும் பார்த்துட்டுத்தான் வந்தேன்.” உருளையின் மூடியை என் பக்கம் தள்ளினார். “மூணு தாள்லயும் உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு, தெரியும்ல? மூடு இத. மறுபடியும் ஃபிரிட்ஜ்ல வை. நாளைக்கு நாமளே எடுத்துட்டுப் போவோம்.”

செவ்வாய்க்கிழமை விசாரணை அறைக்கு அவர் ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவே உருளை. மேலாளர் அது மதியச் சாப்பாடா என்று கேட்டார். சேர் உருளையை மேசை மேல் வைத்து, பிடியை மேலாளரின் கையில் கொடுத்து, தள்ளச் சொன்னார். மேலாளர் பலமான மனிதர். தள்ளினார், எழுந்து நின்று தள்ளினார். பிறகு சேர் அதை எடுத்துச் சுவரோரம் இருந்த ஹீட்டரின் மேல் வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு விசாரணையில் கால் மணி நேரம் யாரும் எதுவும் பேசாமல் ஓர் உருளையைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், நீளமாக இருக்கும். சிவபாதம் அண்ணை மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் இருப்பவரைப் போல இருந்தார். நான் அறையில் எத்தனை நாற்காலி என்று எண்ணினேன். ஒன்பது.

முதலில் வந்தது மணம். அது மெல்ல மேசையைச் சுற்றி வந்தது. சிவபாதம் அண்ணை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

“சொன்னனான்தானே” என்றார் தமிழில், மெதுவாக. “சொதி எண்டு.”

சேர் பிடியை விரலால் தொட்டார். வழுவழுப்பாக ஆடியது.

அதன் பிறகு நான் எழுந்து என்னுடைய பதினொரு வரியையும் வாசித்தேன். சாரதி இரண்டு தடவை சொன்ன முக்கியமான தகவலை நான் படிவத்தில் எழுதவில்லை என்பது பத்தாவது வரி. அவர் என்ன சொன்னார் என்று மேலாளர் கேட்டார். தேங்காய்ப் பாலில் செய்கிற ஒரு மெல்லிய குழம்பு மணக்கிறது என்று சொன்னார் என்றேன். மேலாளர் அதை எழுதிக்கொண்டார். ‘குழம்பு’ என்று நான் ஆங்கிலத்தில் சொன்னதற்கு எழுத்துக்கூட்டல் கேட்கவில்லை.

அந்த வாரமே சிவபாதம் அண்ணையின் நிரந்தர வேலைக் கடிதம் தயாரானது. எனக்கும் ஒரு கடிதம் வந்தது, எச்சரிக்கைக் கடிதம். ‘அங்கீகரிக்கப்படாத தாவர எண்ணெய்’ என்று அதில் இருந்தது. எட்வர்ட் சேர் தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கி, தன் கோப்பில் தானே வைத்துக்கொண்டார். அடுத்த நாள் என் மேசையில் பழைய அட்டையும் புதிய அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. குறிப்பு எதுவும் இல்லை. சிவப்புப் பேனா ஒன்று மட்டும் மேலே கிடந்தது. நான் அட்டையைத் திரும்பவும் வரைந்தேன். ‘எந்த டின்’ என்று கட்டம் போட்டேன். இரண்டு பக்கமாகிவிட்டது. முறைப்பாட்டுப் படிவத்திலும் மூன்று வரியை ஆறாக்கி, ‘மணம், சத்தம், வேறு ஏதாவது’ என்று சேர்த்தேன்.

அட்டைகள் கணினிக்குப் போனபோது, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு நகர முடியாதபடி செய்யச் சொன்னது, ஆம், அதுவும் நான்தான்.

மின்னஞ்சலில் கேட்ட தங்கைக்கு இன்றைய நிலவரம்: அறுபத்தொன்று இன்னும் நகரத்துக்குள் ஓடுகிறது. அதன் வைப்பர் இப்போது மின்மோட்டாரில் ஆடுகிறது, அதில் தோலும் இல்லை, எண்ணெயும் இல்லை. கதவுகளின் காற்று உருளைகளில் மட்டும் தோல் மிச்சம் இருக்கிறது, நீ நிரப்புகிற திரை அவற்றுக்கானது. எட்வர்ட் சேர் சிட்னியில், டூங்கபியில் மகள் வீட்டில் இருக்கிறார். சிவபாதம் அண்ணை இன்னும் ட்ராம் ஓட்டுகிறார், மூக்குக்கண்ணாடி போடாமல். மனைவியும் பிள்ளைகளும் அடுத்த வருடமே வந்துவிட்டார்கள், சின்னவள் இப்போது கிளேட்டனில் படிக்கிறாள். டிப்போவில் இருப்பது ஒரே ஒரு டின், அது நீல டின். கட்டத்தில் அதை எழுது.